தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ்

வீடு கட்டுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாத்ரூம் சங்கதிதான் அதிகம். அதனால் படிக்கட்டு, வாஸ்து, கார்போர்டிகோ கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: சார், பாலக்கோட்டில் மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடியில் ஐந்துக்கு எட்டு அடியில் ஒரு பாத்ரூம், அதற்கு நேர் கீழே எங்கள் சமையலறை. தளத்தை ஒரு அடி இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் பைப் எல்லாம் ஓட்டியாகிவிட்டது. சனி, ஞாயிறில் செங்கல் ஜல்லி கொட்டி ரொப்பிவிட்டு, திங்கட்கிழமை டைல்ஸ் ஆரம்பிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. “கலவையில வாட்டர்ப்ரூஃப் லிக்விட் ஊத்தியாச்சும்மா, அதுக்கு மேல டைல்ஸ் வேற வருது, ஒரு சொட்டு இறங்காது” என்று அடித்துச் சொல்கிறார். ஓசூரில் வேலை பார்க்கிற எங்கள் மாப்பிள்ளையோ, தளத்துக்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்காமல் டைல்ஸைத் தொடவே கூடாது என்கிறார். ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, பாலக்கோடு)

பதில்: அம்மா, முதலில் டைல்ஸ்காரருக்கு போன் போட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். முணுமுணுப்பார், பரவாயில்லை. ஆவணிக்குள் முடியாமல் போனாலும் கீழே இருக்கிற பாத்ரூமை வைத்துக்கொண்டு பால் காய்ச்சிவிடலாம், மாடி பாத்ரூமில் குளித்தால்தான் ஆச்சு என்று எந்தச் சொந்தக்காரரும் அடம்பிடிக்கப் போவதில்லை.

உங்கள் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அந்த லிக்விடை ஒரு மூட்டை சிமெண்டுக்கு 200 மில்லி என்கிற மாதிரி கணக்கில் கலப்பார்கள் (பெரும்பாலும் மூடியை அளவு வைக்காமல் குத்துமதிப்பாகத்தான் சாய்ப்பார்கள், அது வேறு கதை). கலவைக்குள் இருக்கிற பொடித் துளைகளை அது குறைக்கும். ஆனால் பாத்ரூமில் தண்ணீர் நல்ல கலவைக்குள் புகுந்து இறங்குவதைவிட, கலவை விட்டுப்போன இடமாகப் பார்த்து இறங்குவதுதான் அதிகம். சுவரும் தளமும் சேருகிற மூலை, பைப் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகிற ஓட்டையின் ஓரம், தரைத் தண்ணீர் வடிகிற நஹானி ட்ராப்பின் கழுத்து, இந்த மூன்றிலும் நீங்கள் எத்தனை பாட்டில் லிக்விட் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. பிவிசி பைப்பும் சிமெண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. வெயிலுக்கும் சுடுதண்ணீருக்கும் பைப் நீளுகிற அளவும் சிமெண்ட் நீளுகிற அளவும் வேறு வேறு, அதனால் சுற்றிலும் நூலிழை மாதிரி ஒரு இடுக்கு விழுந்துவிடும், தண்ணீருக்கு அது போதும்.

டைல்ஸ் தடுக்குமே என்றால், டைல் தடுக்கும், ஜாயின்ட் தடுக்காது. உங்கள் பாத்ரூமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று டைல் போட்டால் குறுக்கும் நெடுக்குமாக 67 அடி ஜாயின்ட், சுவரோரம் சுற்றிவர 26 அடி, ஆக 93 அடி. அவ்வளவு நீளத்துக்கும் நடுவில் இருப்பது சிமெண்ட் கிரவுட், அது ஈரத்தைக் குடித்துக் கீழே விடுகிற சாமான். டைல்ஸ் என்பது பாத்ரூமுக்கு உடுத்துகிற வேட்டி மாதிரி, குடை கிடையாது.

சரி, அப்போது மாப்பிள்ளை சொல்வதுதான் சரியா? முக்கால்வாசி சரி. கோட்டிங் வேண்டும், ஆனால் கோட்டிங் அடிப்பது கடைசியில் வருகிற சின்ன வேலை, அதற்கு முன்னால் செய்கிற வேலையில்தான் சங்கதி இருக்கிறது. என் கதையைச் சொன்னால் புரியும். தருமபுரியில் நான் வீடு கட்டியபோது கோட்டிங் எல்லாம் ஒழுங்காக அடித்தேன், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அடித்து முடித்து இரண்டு நாள் நான் வெளியூர் போயிருந்த நேரத்தில், குழாய் ஒரு நாலு இன்ச் நகர்ந்தால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றி, பிளம்பர் உளியை வைத்து மூலையில் கொத்தி, பைப்பை நகர்த்தி, மேலே ஒரு கரண்டி சிமெண்டை அப்பிவிட்டுப் போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. குடிபோய் ஆறாம் மாதம், கீழே அரிசி டிரம்முக்கு மேலே கூரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம் தெரிந்தது, அடுத்த வாரம் தட்டு அளவு ஆனது, அப்புறம் பூச்சு பொரிந்து டிரம் மூடி மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வீட்டம்மா இன்றைக்கும் யாராவது என்னிடம் கட்டட யோசனை கேட்டால் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஆகவே, கோட்டிங் அடித்த பிறகு அந்த அறைக்குள் உளி, ஆணி, ட்ரில்லிங் மிஷின் எதுவும் போகக் கூடாது. குழாய் எங்கே, ஹீட்டர் எங்கே, கண்ணாடி எங்கே என்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பள்ளத்துக்கு வருவோம். செங்கல் ஜல்லி இன்னும் கொட்டவில்லை என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். பள்ளத்தைக் கூட்டி, காய்ந்து ஒட்டியிருக்கிற கலவைக் கட்டிகளைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கான்கிரீட்டில் ஜல்லி ஜல்லியாகத் தேன்கூடு மாதிரி தெரிந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டு நல்ல கலவையால் அடைக்க வேண்டும். பைப் இறங்குகிற ஓட்டைகளைச் சுற்றி ஒரு இன்ச் அகலத்துக்குக் கொத்திவிட்டு, பைப்பின் வழவழப்பு போக உப்புத்தாள் தேய்த்து, சுருங்காத கிரவுட் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஒரு பவுடர் தருவார்கள், அதைக் குழைத்து இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். சாதா சிமெண்ட் காயும்போது சுருங்கி மறுபடி இடுக்கு விடும்.

பைப்பை சோதிக்காமல் மூடக் கூடாது. தண்ணீர் வருகிற லைனை எல்லாம் மூடிபோட்டு, பிளம்பரிடம் இருக்கிற கை பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். கழிவு லைனை அடியில் அடைத்து மேலே வரை தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் கைக்குத் தெரியும். கசிகிற பைப்புக்கு மேல் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கோட்டிங் அடித்தாலும் அது பானைக்குள் ஓட்டை இருக்க மூடியைப் பூசுகிற கதை.

அப்புறம் மூலை. சுவரும் தளமும் சேருகிற இடத்தில் சதுர மூலையாக விடாமல் கலவையால் ஒரு வளைவு பிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்து மேஸ்திரி ஒருவர் சோடா பாட்டிலை ஈரப்படுத்தி மூலையில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பார், கரணையால் பிடிப்பதைவிட அது சுத்தமாக வரும். சதுர மூலையில் கோட்டிங் மடிந்து அந்த மடிப்பிலேயே கீறல் விடும், வளைவில் விடாது.

கோட்டிங் என்று நான் சொல்வது பவுடர் ஒரு பையும் பால் மாதிரி ஒரு கேனும் சேர்ந்து வருகிற சிமெண்ட் பாலிமர் வகை. கம்பெனி பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும், பெயருள்ள எந்தக் கம்பெனியும் சரிதான். மொட்டை மாடிக்கு அடிக்கிற வெள்ளை பெயின்டை மட்டும் மிச்சமிருக்கிறதே என்று இங்கே அடித்துவிடாதீர்கள், அதன் மேல் டைல்ஸ் பிடிக்காது. திரவத்தைப் பக்கெட்டில் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மிஷினில் கலக்கியைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கெட்டியாக இருக்கிறது என்று ஆள் தண்ணீர்ச் சொம்பைத் தேடினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் சேர்த்தால் காசு போச்சு. தளம் ஈரமாக இருக்கணும், ஆனால் தண்ணீர் மினுக்கக் கூடாது. முதல் கோட்டைக் குறுக்கே இழுத்தால், அது காய்ந்த பிறகு இரண்டாவதை நெடுக்கே இழுக்க வேண்டும், அப்போதுதான் விட்டுப்போன ஊசித்துளை மூடும். மூலை வளைவிலும் பைப்பைச் சுற்றியும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் பதித்து அதற்கு மேல் அடிக்கணும். நம்ம ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் உச்சியில் அடித்தால் தண்ணீர் சீக்கிரம் இழுத்துக்கொண்டு கீறிவிடும். ஜன்னலில் சாக்கைக் கட்டிக் காலையிலோ சாயங்காலமோ அடியுங்கள்.

மூன்று நாளாவது காயட்டும். பாக்கெட்டில் அதிகமாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பிறகு தண்ணீர் கட்டுங்கள். ட்ராப் வாயில் பாலித்தீன் சுற்றிய துணிப் பந்தை அழுத்தி அடைத்துவிட்டு, இரண்டு இன்ச் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டுத் தேதியும் மணியும் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. இந்தப் பாத்திரம் எதற்கென்றால், 48 மணி நேரத்தில் வெயிலுக்குக் கொஞ்சம் வற்றும். பாத்திரத்தில் வற்றிய அளவே தளத்திலும் வற்றியிருந்தால் கவலையில்லை, தளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. காலையும் மாலையும் சமையலறைக்குள் போய் டார்ச்சைக் கூரைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், நேராகப் பிடித்தால் ஈரம் தெரியாது. வெளிச்சுவரையும் பாருங்கள். இந்த 48 மணி நேரத்தை யாரும் சாப்பிட விடாதீர்கள், இருப்பதிலேயே செலவில்லாத வேலையும் இதுதான், எல்லோரும் முதலில் வெட்டுகிற வேலையும் இதுதான்.

தேறிய பிறகு ரொப்பலாம். செங்கல் ஜல்லியும் மெலிந்த கலவையும் போதும், இடித்த குப்பை, சிமெண்ட் சாக்கு, பலகைத் துண்டு எல்லாவற்றையும் தள்ளி மூடுகிற பழக்கம் இருக்கிறது, பக்கத்தில் நில்லுங்கள். ஒரு பக்கம் வெளிச்சுவர் இருந்தால், பள்ளத்தின் அடி மட்டத்தில் ஒரு இன்ச் பைப் ஒன்றை வெளியே விட்டு, அதை நோக்கி அடித்தளத்தில் லேசாக வாட்டம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு மேலே ஏதாவது தப்பினாலும் தண்ணீர் பள்ளத்தில் தேங்காமல் வெளியே வரும், வெளியே சொட்டுவதைப் பார்த்தே உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ரொப்பியதற்கு மேலே போடுகிற கலவைத் தளத்திலேயே வாட்டம் வந்துவிட வேண்டும், டைல்ஸில் பார்த்துக்கலாம் என்று விடக் கூடாது. அடிக்கு ஒரு நூல் என்று மேஸ்திரியிடம் சொன்னால் புரியும், எட்டடிக்கு எட்டு நூல், அதாவது ஒரு இன்ச். அந்தத் தளத்துக்கு ஏழு நாள் தண்ணீர் காட்டிவிட்டு, மறுபடி அதே கோட்டிங், அதே வலை, மறுபடி தண்ணீர் கட்டுதல். இரண்டு தடவையா என்று மலைக்காதீர்கள். கீழே அடித்தது கடைசிக் காவல், மேலே அடிப்பதுதான் தினசரி வேலை பார்ப்பது. சுவரில் எல்லாப் பக்கமும் ஒரு அடி உயரம், ஷவர் வருகிற மூலையில் ஆள் உயரத்துக்கு மேலே ஏழு அடி வரை. வாசற்படிக் கல்லுக்கு அடியிலும் கோட்டிங் போக வேண்டும், அங்கே விட்டால் தண்ணீர் படுக்கையறைப் பக்கம் ஊறி நிலைக்கால் அடியில் மரம் உளுத்துவிடும்.

டைல்ஸை சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டாமல் டைல் ஒட்டும் பசையில், பல் கரணையால் வாரி ஒட்டச் சொல்லுங்கள். விட்ரிஃபைடு டைல் தண்ணீரைக் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே, அதனால் சிமெண்ட் பால் அதில் வேர் பிடிக்காது. நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டினால் நடுவில் பொந்து விழுந்து தண்ணீர் அங்கே குடியிருக்கும், தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். கிரவுட்டுக்கு சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்கிற பிசின் வகை போட முடிந்தால் போடுங்கள், விலை கூட, ஆனால் தண்ணீர் குடிக்காது.

கேள்வி: எங்களுடையதும் ஐந்துக்கு எட்டுதான். கோட்டிங் எவ்வளவு வாங்கணும்? கடைக்காரர் 40 சதுர அடிதானே என்று ஒரு சின்ன பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: அவர் தரையை மட்டும் எண்ணியிருக்கிறார். தரை 40, சுற்றிவர ஒரு அடி உயரத்துக்கு 26, ஷவர் மூலையில் ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் நாலு என்று ஒன்பது அடி அகலத்துக்கு மேலே இன்னும் ஆறு அடி ஏறினால் 54. மொத்தம் 120 சதுர அடி, மூன்று மடங்கு. பள்ளம் வைத்த பாத்ரூம் என்றால் அதற்குத் தனி. பாக்கெட்டில் எத்தனை சதுர அடி என்று போட்டிருப்பார்கள், அது ஒரு கோட்டுக்கா இரண்டு கோட்டுக்கா என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். சாமான் குறைந்தால் ஆள் நீட்டி அடிப்பார், நீட்டி அடித்தது நிற்காது.

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 15 வருஷ வீடு. மாடி பாத்ரூமுக்குக் கீழே ஹாலில் கூரை மஞ்சளாகி உப்புப் பூக்கிறது. டைல்ஸை உடைக்காமல் வழி இருக்கிறதா அண்ணா? கீழேயிருந்து வாட்டர்ப்ரூஃப் அடித்தால் போதும் என்று ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: கீழேயிருந்து அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள் தம்பி. கறை மறையும், தண்ணீர் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி பருத்துக் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும், அப்போது டைல்ஸ் செலவெல்லாம் சில்லறையாகத் தெரியும். இப்போதே கம்பி தெரிகிறது என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இல்லையென்றால் முதலில் எங்கே கசிகிறது என்று பிடியுங்கள். மூன்று நாள் அந்த பாத்ரூமை யாரும் பயன்படுத்த வேண்டாம், வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும். ஈரம் அப்படியே இருந்தால் தண்ணீர் வருகிற பைப்பில் ஓட்டை, சுவரில் ஒரு இடத்தை உடைத்தால் போதும். காய்ந்தால் கழிவு லைனோ தரையோ. அப்புறம் தரை நனையாமல் ஹோஸை நேராக ட்ராப்புக்குள் விட்டு ஒரு கால் மணி நேரம் திறந்துவிடுங்கள், ஈரம் வந்தால் கழிவு லைன். வராவிட்டால் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டுங்கள், இப்போது வந்தால் தரை. தரைதான் என்றால் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து எபாக்ஸி போட்டுப் பார்க்கலாம், கசிவு லேசாக இருந்தால் கேட்கும். கேட்கவில்லையென்றால் உடைக்கத்தான் வேண்டும், சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் பக்கம் கிரானைட் ஈசியாகக் கிடைக்கிறது. பாத்ரூமுக்கு டைல்ஸ் வேண்டாம், பெரிய பெரிய கல்லாகப் போட்டுவிட்டால் ஜாயின்ட்டே இருக்காது, கோட்டிங்கும் மிச்சம் இல்லையா? (வாசகர், பர்கூர்)

பதில்: ஜாயின்ட் குறையும், சுவரோரமும் ட்ராப்பும் எங்கே போகும்? கோட்டிங் வேண்டும். பெரிய கல்லில் நாலு பக்கமிருந்தும் ட்ராப்பை நோக்கி வாட்டம் கொடுப்பது கஷ்டம், நீள வாக்கில் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடைசியில் ட்ராப் வைத்தால் சரிவரும். பாலிஷ் போட்ட கல் மட்டும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல் கேளுங்கள்.

கேள்வி: போர்வெல் தண்ணீரால் பாத்ரூம் டைல்ஸ் முழுக்க வெள்ளை படிகிறது. ஃப்ளோரைடு என்கிறார்கள். மாதம் ஒரு தடவை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம், பளிச்சென்று ஆகிறது. சரிதானே? (வாசகி, பென்னாகரம்)

பதில்: ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். டைல்ஸை வெள்ளையாக்குவது கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியம். ஆசிட் அந்தக் கால்சியத்தைக் கரைக்கிற அதே வேகத்தில் ஜாயின்ட்டில் இருக்கிற சிமெண்டையும் கரைக்கும், பொங்கி நுரைக்கிறதே, அதில் பாதி உங்கள் கிரவுட். விரல் நகத்தால் ஜாயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், மாவாக வந்தால் ஏற்கெனவே போய்விட்டது. குளித்ததும் வைப்பரால் தண்ணீரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் படிவதே பாதியாகக் குறையும். வெள்ளை டைல் மேல் படியாமல் ஜாயின்ட்டிலிருந்து மட்டும் கோடு கோடாகப் பூத்து வந்தால் அது வேறு, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அப்படி இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்த இதழில் சொல்கிறேன்.